விளாமரச் செய்கையும் விளாம்பழத்தின் பயன்களும்

அப்பிள் என்றவுடன் குளிர்நாடுகளிலிருந்து பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேறி வரும் செந்நிறப் பழமே நம்மவர் நினைவுக்கு வருகின்றது. அம்மரம் நன்கு பூத்துக் காய்ப்பதற்கு ஆண்டுதோறும் பல வாரங்கள் நீடிக்கும் குளிர் வேண்டும். ஆதலால் கொழும்புச் சுவாத்தியத்தில் அதன் செய்கையைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை. ஆயினும் அப்பிள் என்னும் பெயரை ஆங்கிலேயர் சூட்டிய வேறொரு பழம் இத்தீவின் மண்ணுக்கே உரியதாக இருக்கின்றது. கட்டைபோன்ற ஓடுடைமையால் மர அப்பிள் என்றும், யானைகள் விரும்பி உண்பதால் யானை அப்பிள் என்றும் அவர்கள் அழைத்த அப்பழம் நமது விளாம்பழமே.

வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைத் தெருவோரங்களிலும் விளாம்பழம் குவித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை வாங்கி உண்ட பலர், அதன் விதையை எடுத்து வைத்துக்கொண்டு, "இதனை வீட்டு வளவில் நடலாமா?" என்று வினவுகின்றனர். விளாமரம் நடத்தக்க மரமே; ஆனால் உண்ட பழத்தின் விதையிலிருந்து நடத்தக்கதன்று; கொழும்பு வளவில் நடுவதிலும் ஊர்க்காணியில் நடுவது மேலானது. இவ்விரண்டிற்குமான காரணங்களை விளக்குவதும், பழத்தைத் தெரிந்து வாங்கி அளவறிந்து உண்ணும் முறையைக் கூறுவதுமே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பிறப்பும் பெயரும்

இந்தியாவின் வறண்ட சமவெளிகளும் இலங்கையின் உலர் வலயமும் விளாவின் தாயகமாகும். அங்கிருந்து அது பர்மா, தாய்லாந்து, மலாயா, யாவா முதலிய நாடுகளுக்குப் பரவிற்று. தாவர நூலார் இதனை லிமோனியா அசிடிசிமா என வழங்குவர். இப்பெயரை 1762ஆம் ஆண்டில் இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஆவார். பழைய நூல்களிற் காணப்படும் பெரோனியா என்னும் பெயரும் இம்மரத்தையே குறிக்கும். தோடை, எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவை சேர்ந்த ரூட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தது இது. இலையொன்றைக் கசக்கி முகர்ந்தால் இவ்வுறவு உடனே விளங்கும்.

விளாவையும் வில்வத்தையும் ஒன்றெனக் கொள்வோர் நகரங்களிற் பலர். இரண்டுக்கும் ஓடு வன்மையானது, இரண்டும் முட்செடிகளே. ஆனால் வில்வத்தின் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்டது, பழத்தோல் வழுவழுப்பானது, உள்ளீடு மஞ்சள் நிறமானது. விளாவின் இலைக்காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும். ஓடு சாம்பல் வெண்மை படர்ந்து சொரசொரப்பாயிருக்கும். பழுத்த சதை கபில நிறமானது. சிங்கள மொழியில் வில்வத்தைப் பெலி என்றும் விளாவைத் திவுல் என்றும் சொல்வர். கடையிற் கேட்கும்போது இவ்வேறுபாடு நினைவிலிருத்தல் நன்று.

பிள்ளையார் வழிபாட்டில் நாவலும் விளாவும் உடன்வைத்து எண்ணப்படுவதை யாவரும் அறிவர். ஊர்ப்பெயர்களிலும் இம்மரம் நிலைத்திருக்கின்றது. தமிழ்நாட்டில் விளாத்திகுளம் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தில் விளாவெட்டுவான் உண்டு. கம்பஹா மாவட்டத்தில் திவுலப்பிட்டிய உண்டு. கடைசியாகக் கூறிய ஊர் கொழும்புக்கு அணித்தேயுள்ளது என்பதைக் கவனிக்க. மேற்குக் கரையோரத்திலும் விளா முற்றாக அந்நிய மரமன்று.

"வேழம் உண்ட விளாங்கனி" என்றொரு வழக்கு நம்மிடையே உண்டு. யானை விழுங்கிய பழம் ஓடு சிதையாமல் வெளிவரும், உள்ளே சதை மட்டும் இராது என்று இதற்குப் பொருள் கூறுவர். வேழம் என்பது இங்கே யானையன்று, பழத்தின் உள்ளீட்டை அழிக்கும் ஒருவகை நோயின் பெயரே என்று கூறுவாரும் உளர். ஓட்டைத் துளைத்து உட்புகும் புழு சதையைத் தின்று தீர்ப்பதும், வெளியே பழுதில்லாததுபோற் கிடக்கும் பழம் உடைத்தபோது வெறுங்கூடாயிருப்பதும் தோட்டக்காரர் அறிந்த செய்தி. ஆதலால் இரண்டாவது விளக்கமே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது.

கொழும்பு வளவில் நடலாமா?

விளாமரம் வளர்வது வேறு, காய்ப்பது வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 450 மீற்றர் உயரம் வரையுள்ள வெப்பப் பிரதேசங்களில் அது வளரும். மண்ணைப் பற்றி அதற்கு அதிக கவலையில்லை. நீர் வடியும் இலேசான மண்ணாயின் மிக விரும்பும். ஆனால் நன்கு பூத்துக் காய்ப்பதற்குத் தெளிவான ஒரு வறண்ட பருவம் அதற்கு வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழை பெறும் அம்பாந்தோட்டைப் பக்கத்தில் இப்பருவம் தானே அமைகின்றது. கொழும்பிலோ ஆண்டு மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். சனவரி, பெப்ருவரி மாதங்களில் மட்டுமே ஓரளவு ஓய்வு. அதனாற் கொழும்பில் விளாமரம் தழைத்து நிற்கும். காய்ப்போ உலர் வலயத்து மரத்தினதைப் போல் இராது. இதனை முன்னரே அறிந்து நடுபவர் பின்னர் ஏமாற்றமடையார்.

இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விதையில் வளர்ந்த விளா சுமார் 9 மீற்றர், அதாவது 30 அடி உயரம் வரை வளரக்கூடியது. கிளைகளில் விரல் நீள முட்கள் உண்டு. பழமோ கல்லைப்போன்ற ஓடுடையது. முற்றியதும் தானாகவே விழுவது. வாகனம் நிறுத்துமிடத்துக்கு மேலும், பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு மேலும், அயலவரின் ஓட்டுக்கூரைக்கு மேலும் கிளை நீளுமாயின் மரத்தினால் வருவது பழமன்று, வழக்கே. நாற்புறமும் மாடிகள் உயர்ந்துவிட்ட வெள்ளவத்தைத் தெருக்களில் நாள் முழுவதும் வெயில் விழும் வளவு அரிது. நிழலில் நின்ற விளா ஒளியைத் தேடி மெலிந்து உயருமே தவிரப் பூவாது. கொட்டாஞ்சேனையின் பழைய வளவுகளில் இடம் இன்னும் நெருக்கம். தொடர்மாடியில் வசிப்போர் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்பதுண்டு. குறுக்கி வளர்க்கும் அழகு மரமாக வைக்கலாம். பழத்தை எதிர்பார்த்து வைக்க வேண்டாம்.

வெயில் நன்கு விழும் 6 மீற்றர் அகலமான வெற்றிடம் உங்கள் வளவில் இருப்பின், மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் மதிலுக்கும் விலகி, ஓர் ஒட்டுக்கன்றை நடலாம். அவ்விடம் இல்லாதோர் கொழும்பு வளவுக்கு எலுமிச்சையையோ கொய்யாவையோ தெரிவது நன்று.

ஆனால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேறோர் இடமும் உண்டு. யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், மட்டக்களப்பு, புத்தளம் ஆகிய மாவட்டங்களில் மூதாதையர் காணி இருந்தும், அதனை ஆள அங்கே ஒருவருமில்லாத நிலையே பெரும்பாலும் காணப்படுகின்றது. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் மீளக் கிடைத்த காணிகள் சில இன்றும் பற்றையாகவே கிடக்கின்றன. தென்னை நட்டால் வறட்சியில் நீர் கேட்கும். வாழை நாள்தோறும் ஆள் கேட்கும். விளாவோ முதல் இரண்டு மூன்று வருடங்களைக் கடந்துவிட்டால் கவனிப்பாரற்ற காணியிலும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். வருடத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போய்வரும் ஒருவருக்கு இதனினும் பொருத்தமான பழமரம் எமக்குத் தெரிந்தவரை அதிகமில்லை. நீண்டகாலம் ஆளில்லாது கிடந்த காணியாயின், அது கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பகுதிதானா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்த பின்னரே குழி தோண்டுக.

விதையா, ஒட்டா?

விதையிலிருந்து வளர்த்த விளா காய்ப்பதற்குப் பதினைந்து வருடங்கள் வரை செல்லும். நாற்பது வயதில் விதையூன்றியவர் ஐம்பத்தைந்து வயதில் முதற் பழத்தைக் காண்பார். அதுவும் என்ன பழம் என்பது அப்போதுதான் தெரியும். விளாவில் பெருங்கனியும் இனிப்புமுள்ள வகை, சிறுகனியும் கடும்புளிப்புமுள்ள வகை என இரண்டு உண்டு. நீங்கள் உண்டது இனிய பழமாயினும் அதன் விதையிலிருந்து தோன்றும் மரம் தாயை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. ஒரு காணித்துண்டைப் பதினைந்து வருடங்கள் பிடித்துவைத்திருந்து, முடிவில் எவரும் வாயில் வைக்காத புளிப்பைத் தரும் மரத்தைத் தறிக்க நேர்வது பெரு நட்டமாகும். சந்தையில் வாங்கிய பழத்தின் விதையை நடவேண்டாம் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஒட்டுக்கன்று இவ்விரு குறைகளையும் நீக்குகின்றது. நல்ல பழந்தரும் தாய்மரத்தின் கிளையை எடுத்து விளா நாற்றின்மீதே ஒட்டுவதனால், தாயின் குணம் மாறாது வருகின்றது. மரமும் அதிகம் உயராமல் அடங்கி நிற்கும். நன்கு பராமரித்தால் ஐந்தாம் வருடமளவிற் காய்ப்பை எதிர்பார்க்கலாம்.

கன்று வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது உயரத்தையன்று, ஒட்டையே. தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, ஒட்டுப் பொருந்திய தழும்பு தெரிய வேண்டும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறத்திலோ பருமனிலோ சிறு வேற்றுமை காணப்படும். தழும்பே இல்லாத கன்று, விற்பவர் என்ன சொன்னபோதிலும், விதைக்கன்றே. தழும்பு இருந்தும், அதற்குக் கீழிருந்து கிளைத்த தளிரே உயர்ந்து நின்றால் அதுவும் வேண்டாம். ஒட்டுக்கிளை பட்டுப்போய் அடிமரம் தலையெடுத்த கன்று அது. விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையங்களிலும் திணைக்களத்திற் பதிவுசெய்த நாற்றுமேடைகளிலும் வாங்குவது பாதுகாப்பானது. கன்றைக் கொழும்பில் வாங்கி ஊருக்குக் கொண்டுசெல்வோர் பையின் மண் உதிராதபடி நிமிர்த்தி வைத்துச் செல்க. மண்ணுடைந்து வேரறுந்த கன்று வறண்ட நிலத்திற் பிழைப்பது கடினம்.

தாமே ஒட்ட விரும்பும் ஆர்வலர் சிலரும் உளர். அவர்கள் விதையை நடுவதில் குற்றமில்லை, ஏனெனில் அது அடிமரத்துக்கே. நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, நாட்செல்ல விடாது பையில் ஊன்றுக. சில வாரங்களில் முளைக்கும். நாற்று பென்சிற் பருமனடைய ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும். அப்போது அதே பருமனுள்ள, முற்றிய, கண்கள் புடைத்த கிளையைத் தாய்மரத்திலிருந்து எடுத்து ஆப்பு முறையில் ஒட்டி, நாடாவால் இறுகச் சுற்றி, ஈரம் போகாதபடி பொலித்தீன் உறையிட்டு நிழலில் வைக்க வேண்டும். விவசாயப் பாடசாலையில் எமக்கு இதனைக் கற்பித்தபோது கத்தியின் கூரையும் கையின் சுத்தத்தையுமே முதலிற் பார்த்தார்கள். மழுங்கிய கத்தியால் நசுங்கிய வெட்டுமுகம் பொருந்தாது என்பது எந்த மரத்துக்கும் பொது விதி.

நடுகையும் பராமரிப்பும்

கொழும்பிலும் மேற்குக் கரையிலும் மே மாத மழையுடனோ ஒக்ரோபர் மழையுடனோ நடலாம். வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை தொடங்கி நிலம் நனைந்த பின், கார்த்திகைக்குள் நட்டுவிடுக. மாரி முழுவதும் வேரோடுவதற்குக் கிடைக்கும் காலமே அடுத்த கோடையைத் தாங்கும் வலுவைக் கொடுக்கின்றது. தை மாதத்தில் ஊருக்குப் போகும் வசதி உண்டென்பதற்காக அப்போது நடுவது கன்றுக்குச் செய்யும் நன்மையன்று.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகக் குழி தோண்டி, மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ கலந்து நிரப்பி இரண்டு வாரம் ஆறவிடுக. பல கன்றுகள் நடுவோர் ஒன்றுக்கொன்று 7 அல்லது 8 மீற்றர் இடைவெளி விடுதல் வேண்டும். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்குமாறு நட வேண்டும். தழும்பு புதையுமானால் ஒட்டிய பயன் கெடும். களிப்பாங்கான தாழ்ந்த நிலமாயின் மண்ணைக் குவித்து மேட்டில் நடுக. வேரடியில் நீர் தேங்குவதை இம்மரம் பொறுக்காது.

முதல் இரண்டு கோடைகளிலும் நீர் அவசியம். நாள்தோறும் ஊற்ற ஆளில்லாத ஊர்க்காணிக்குப் பழைய முறையொன்று உதவும். மினுக்கம் பூசாத மண்பானையொன்றைக் கன்றுக்கு ஓரடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், நீர் பானையின் சுவர்வழியே கசிந்து வேருக்கு மெல்லச் சென்றுகொண்டிருக்கும். அயலவர் ஒருவர் சில நாட்களுக்கு ஒருமுறை பானையை நிரப்பினாற் போதும். பொச்சுமட்டை, காய்ந்த பனையோலை முதலியவற்றால் அடியை மூடுவதும் ஈரத்தைக் காக்கும். தண்டைத் தொடாதபடி பரப்புக. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதவாறு வேலியடைப்பதை மறக்கலாகாது. முள் முற்றும்வரை விளாங்கன்றும் ஆட்டுக்கு ஒரு தழையே.

ஒட்டுக்குக் கீழே தோன்றும் தளிர்களைக் கண்டவுடன் கிள்ளுதல் மிக அவசியமான வேலை. அடிமரத் தளிர் வீரியமானது. ஒரு மாரியில் விட்டுவைத்தால் ஒட்டுக்கிளையை மூடி வளர்ந்துவிடும். வருடக் கடைசியில் ஊர் போய்ப் பார்த்து, "கன்று நன்றாக வந்திருக்கின்றது" என்று மகிழ்பவர் மகிழ்வது சிலவேளை அடிமரத்தைக் கண்டே. ஒவ்வொரு முறை போகும்போதும் முதலில் தழும்பைத் தேடிப் பாருங்கள்.

பசளை விடயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. மழைக்கு முன் வருடந்தோறும் ஒரு கூடை எரு இட்டு மண்ணைக் கொத்திவிட்டால் வீட்டுத் தேவைக்குரிய மரத்துக்குப் போதும். பீடைகளுள் இளங்கன்றுக்கு வருவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இளமையில் அது இலைமேல் விழுந்த பறவை எச்சம்போலக் காணப்படும். பின் பச்சை நிறமடைந்து இலைகளைத் தின்று தீர்க்கும். ஒன்றிரண்டு கன்றுகளாயின் கையாற் பொறுக்குவதே மருந்து. முன்னர் கூறிய பழத்துளைப்பானுக்கு, துளையுள்ள பழங்களை மரத்தடியில் விட்டுவைக்காது பொறுக்கி அழித்தல் வேண்டும்.

பறித்தலும் வாங்குதலும்

விளாங்காய் மரத்தில் நெடுநாள் நிற்கும். முற்றியதை நிறத்தாற் கண்டுபிடித்தல் எளிதன்று. ஓரடி உயரத்திலிருந்து கடினமான தரையில் போட்டுப் பார்ப்பது பழைய சோதனை. முற்றாத காய் பந்துபோல் எம்பும். முற்றியது எம்பாது கிடக்கும். முற்றிய காய்களை ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் வைத்தால் உள்ளே நன்கு பழுக்கும். பறிக்கும்போது கல்லில் மோதி வெடிக்காதபடி பார்த்துக்கொள்க. வெடித்த இடத்தால் பூஞ்சணம் புகும்.

கொழும்புச் சந்தைகளுக்கு வரும் பழத்தின் பெரும்பகுதி உலர் வலயத்திலிருந்தே வருகின்றது. புறக்கோட்டையில் இருந்த மனிங் சந்தை 2020ஆம் ஆண்டில் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. மொத்தமாக வாங்குவோர் அங்கே செல்லலாம். சில்லறையில் வாங்குவோர் முதலில் ஒத்த பருமனுள்ள இரண்டு பழங்களை இரு கைகளிலும் ஏந்திக் கனத்தை ஒப்பிடுக. இலேசான பழம் வேழமுண்டதாயிருக்கலாம். அடுத்து ஓட்டைச் சுற்றிப் பார்த்துத் துளையோ வெடிப்போ உள்ளதை விலக்குக. பின் காம்படியில் முகர்ந்து பாருங்கள்: பழுத்ததாயின் புளிப்புங் கலந்த இனிய வாசனை தெளிவாக வரும், பூஞ்சண நாற்றம் வந்தால் வைத்துவிடுங்கள். வாசனையே இல்லாதது காய். அதனைச் சம்பலுக்கு வாங்கலாம், குடிபானத்துக்கு வாங்கலாகாது. உடைத்தபின் சதை கபில நிறமாய், ஈரப்பசையுடன், சீராயிருக்க வேண்டும். கறுத்து உலர்ந்து நூல்போல் வெண்பூஞ்சணம் படர்ந்த பகுதியை மட்டும் அகற்றிவிட்டு எஞ்சியதை உண்ணும் வழக்கம் நல்லதன்று; முழுவதையும் எறிந்துவிடுக.

உணவும் உடல்நலமும்

இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியிற் பதனிடும் முறைகள் வகுக்கப்படும்வரை விளாம்பழம் ஏழைகளின் ஆகாரமென்றே எண்ணப்பட்டு வந்தது. சத்தை நோக்கினால் அது ஏழையன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவுப் பட்டியல்களின்படி, 100 கிராம் விளாம்பழத்தில் 134 கலோரி சக்தியும், 7.1 கிராம் புரதமும், 5 கிராம் நார்ப்பொருளும், 130 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன. அதே பட்டியலில் 100 கிராம் அப்பிளுக்குரிய கணக்கு 59 கலோரியும் 10 மில்லிகிராம் கல்சியமும் மட்டுமே. புரதத்திற் கணிசமான பங்கு விதையைச் சார்ந்தது; வடித்துக் குடிப்பவருக்கு அது கிடைப்பதில்லை. விதையோடு மென்று உண்ணும் கிராமத்தவரே முழுப்பயனையும் பெறுகின்றனர்.

புளிப்பாயிருப்பதால் இதில் விற்றமின் சீ மிகுதியாக இருக்கும் என்பது பலரின் எண்ணம். அது சரியன்று. அப்பட்டியலின்படி 100 கிராமில் இருப்பது 3 மில்லிகிராமே. கொய்யாவில் 212 மில்லிகிராம், நெல்லியில் 600 மில்லிகிராம். விற்றமின் சீயை நாடி விளாம்பழம் உண்பவர் கொய்யாவை நாடுவது நன்று.

சலரோகம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடம் விளாம்பழம் மருந்தெனப் புகழப்படுவதைக் கேட்கின்றோம். ஆய்வுகூட விலங்குகளில் நடத்திய பரிசோதனைகள் சில உண்டு. அவற்றைக் கொண்டு ஒருவர் தம் மாத்திரையைக் குறைத்துக்கொள்வது ஆபத்தான செயல். உண்மையான கேள்வி பழத்தைப் பற்றியதன்று, பழத்தோடு சேர்ப்பதைப் பற்றியது. நகரத்தில் விளாம்பழம் பெரும்பாலும் குடிபானமாகவே உட்கொள்ளப்படுகின்றது. அதன் புளிப்பை அடக்க ஒரு குவளைக்கு மூன்று மேசைக்கரண்டி சீனி இடுவோர் உண்டு. ஒரு மேசைக்கரண்டி சீனி சுமார் 12 கிராம். மூன்றும் 36 கிராம். 2,000 கலோரி உண்ணும் ஒருவர் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும், 25 கிராமுக்குக் குறைவது இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல். ஒரு குவளையிலேயே 25 கிராம் என்னும் அளவு கடந்துவிடுகின்றது. பனங்கட்டியும் கித்துள் பாணியும் இக்கணக்குக்கு விலக்கல்ல. சுவை வேறு, சர்க்கரை ஒன்றே. போத்தலில் வரும் விளாம்பழ யாமும் அவ்வாறே.

ஆகவே நன்கு பழுத்த இனிய வகைப் பழத்தைத் தெரிந்து, சதையைக் கரண்டியால் எடுத்து, ஒரு சிட்டிகை உப்போடு அப்படியே உண்பது சிறந்தது. குடிபானமாகவே வேண்டுமாயின், ஒரு பழத்தின் சதையை வெதுவெதுப்பான நீரிற் கரைத்து வடித்து, முதற் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை சேர்த்தால் புளிப்பு தானே தணியும். பின் இடும் சீனி ஒரு தேக்கரண்டியில் அடங்கும். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் தாம் உண்ணத்தக்க அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டறிவார்களாக.

காய்க்கும் பயனுண்டு. முற்றிய விளாங்காயைத் துருவி, தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், வெங்காயம், உப்பு ஆகியன கூட்டி இடித்த சம்பல் சோற்றுக்கு நன்று. காயின் துவர்ப்பு வயிற்றோட்டத்தைக் கட்டும் என நாட்டு வைத்தியத்தில் வழங்குவர். ஆயினும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டால் முதலிற் கொடுக்க வேண்டியது ஜீவனிக் கரைசல். இழந்த நீரை விளாங்காய் ஈடுசெய்யாது. இரத்தம் கலந்து போனாலும், குழந்தை சோர்ந்தாலும் தாமதியாது ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்க.

பழச்சதையிற் பெக்டின் என்னும் உறைபொருள் 3 முதல் 5 வீதம் இருப்பதால், வேறொன்றும் சேர்க்காமலே யெலி நன்கு உறையும். சதையை நீரிற் கொதிக்கவைத்துத் துணியால் வடித்து, வடித்த சாற்றுக்கு ஏறக்குறைய ஒத்த அளவு சீனியிட்டுக் காய்ச்சினால் ஊதா நிறமான யெலி கிடைக்கும். மிகுதியாகப் பழம் கிடைக்கும் காலத்தில் வீட்டிலிருந்து சிறு வருமானம் தேடும் பெண்களுக்கு இது பொருத்தமான முயற்சி. போத்தல்களைக் கொதிநீரில் இட்டெடுத்து உலர்த்திய பின்னரே நிரப்புக.

கன்றுகள் பற்றியும் ஒட்டுக்கட்டும் பயிற்சி பற்றியும் அறிய விரும்புவோர் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். ஊர்க்காணியில் நடவிருப்போர் அக்காணி அமைந்துள்ள பிரதேசத்தின் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைப் பற்றியும் அப்பக்கத்து நல்ல தாய்மரங்களைப் பற்றியும் விசாரித்துக்கொள்க. மாரிக்கு நடுவதானால் இவ்விசாரணையை ஆவணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மழை தொடங்கியபின் நாற்றுமேடைகளில் நல்ல ஒட்டுக்கன்று மிஞ்சியிருப்பதில்லை.